காட்டைப் பிளந்து சாலை போட்ட காடி ஜோ!
ஜெனரல் ஸ்டில்வெல்லின் வாழ்க்கைக் கதை

1945-ம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ந் தேதி.

அசாமின் கிழக்குக் கோடியில் லெடோ என்று ஒரு சிறிய ஊர். அங்கிருந்து 113 வண்டிகள் வரிசையாகப் புறப்பட்டன. லாரிகள், ஜீப்புகள், பீரங்கிகளை இழுத்துச் செல்லும் வண்டிகள் எல்லாம் அதில் இருந்தன. அவை போய்ச் சேர வேண்டிய இடம் சீனாவில் உள்ள குன்மிங் நகரம்.

நடுவே மலை. மலைக்கு அப்பால் காடு. காட்டுக்கு அப்பால் ஆறுகள். மீண்டும் மலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மனிதன் நடந்து போகவே அஞ்சிய இடம் அது. அங்கே இப்பொழுது லாரி ஓடியது!

பிப்ரவரி 4-ந் தேதி வண்டிகள் குன்மிங் நகருக்குள் நுழைந்தன. ஜனங்கள் தெருவில் கூடி ஆரவாரம் செய்தார்கள். சாலைக்கு ஸ்டில்வெல் சாலை என்று பெயர் சூட்டப்பட்டது.

அந்தப் பெயருக்கு உரியவர் எங்கே?

அவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. சீனாவிலேயே இல்லை. மூன்று மாதங்களுக்கு முன்பே அவரைப் பதவியிலிருந்து நீக்கி அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள்!

சாலை போடப் பாடுபட்டவருக்கு அதன் திறப்பு விழாவைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஏன்? அதுதான் இந்தக் கதை.

குறும்புக்காரப் பையன்

ஜோசப் வாரன் ஸ்டில்வெல் 1883-ம் ஆண்டு மார்ச் 19-ந் தேதி அமெரிக்காவில் புளோரிடா மாகாணத்தில் பிறந்தார். வளர்ந்தது நியூயார்க் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள யாங்கர்ஸ் என்ற ஊரில். வசதியான குடும்பம்.

பையன் படிப்பில் கெட்டிக்காரன். விளையாட்டிலும் சூரன். ஆனால் குறும்பு அதிகம். பள்ளிக்கூட விருந்து ஒன்றில் பையன்கள் தின்பண்டத்தின் மீது பாய்ந்து கலாட்டா செய்தார்கள். ஜோவும் அவர்களில் ஒருவன். தடுக்க வந்த ஆசிரியருக்கு ஒரு குத்து விழுந்தது.

மகனைப் பெரிய கல்லூரிக்கு அனுப்பத் தகப்பனார் எண்ணியிருந்தார். அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டார். இவனுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று முடிவு செய்து, வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் சேர்த்துவிட்டார்.

1904-ம் ஆண்டில் ஜோ அங்கே தேறி வெளியே வந்தார். பட்டாளத்தில் அதிகாரியானார். முதல் உலக யுத்தத்தின்போது பிரான்ஸ் நாட்டில் வேலை பார்த்தார். அங்கே வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்ததில் இடது கண் பழுதுபட்டது. அந்தக் கண்ணில் பார்வை மிகவும் குறைந்துபோயிற்று. அதன் பின் தடித்த கண்ணாடி அவர் மூக்கை விட்டு இறங்கவே இல்லை.

மனைவியின் பெயர் வினிபிரட். குழந்தைகள் ஐந்து பேர்.

பஞ்சம் கற்றுக்கொடுத்த பாடம்

யுத்தம் முடிந்தது. சீன மொழி கற்றுக்கொள்ள ஓர் அதிகாரி வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் தேடியது. ஸ்டில்வெல் முன்வந்தார். 1920-ல் குடும்பத்தோடு பீகிங் நகருக்குப் போனார். இன்று நாம் பெய்ஜிங் என்று சொல்வது அந்த ஊரைத்தான்.

அந்த நேரத்தில் வட சீனாவில் கொடிய பஞ்சம். மழை பொய்த்தது. வயல் வெடித்தது. லட்சக்கணக்கான மக்கள் பட்டினியால் செத்தார்கள்.

வேறு மாகாணங்களில் தானியம் இருந்தது. ஆனால் அதை மலைநாட்டுக்குக் கொண்டுபோக வழி இல்லை. கழுதையும் கோவேறு கழுதையும் போகும் ஒற்றையடிப் பாதைதான் இருந்தது. தானியம் இருந்தும் ஜனங்கள் சாகக் காரணம் என்ன? சாலை இல்லாததுதான் காரணம்!

பஞ்ச நிவாரணத்துக்காக அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் சாலை போட முன்வந்தது. பசித்த மக்களுக்கு வேலை கிடைக்கும், கூலி கிடைக்கும், ஊருக்குச் சாலையும் கிடைக்கும். நம் நாட்டுப் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, அந்தக் காலத்தில் சென்னையில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியை வெட்டியதும் இதே முறையில்தான்.

சாலை வேலைக்கு ஓர் அதிகாரி தேவைப்பட்டார். 1921-ல் மேஜர் ஸ்டில்வெல்லை ராணுவம் இரவல் கொடுத்தது. ஷான்சி மாகாணத்தில் மஞ்சள் ஆறு வரை 82 மைல் தூரத்துக்குச் சாலை போட வேண்டும்.

ஸ்டில்வெல் கூடாரத்தில் உட்கார்ந்து உத்தரவு போடவில்லை. வேலை நடக்கும் இடத்துக்கே போனார். கிராமத்தாரோடு சீன மொழியில் பேசினார். அவர்கள் சாப்பிட்டதைச் சாப்பிட்டார். நிலத்துச் சொந்தக்காரர்களோடு வழக்குப் பேசி வழி வாங்கினார். மண்வெட்டியும் கூடையும்தான் கருவிகள். ஆயினும் சாலை முடிந்தது.

இரண்டு விஷயங்களை அவர் அங்கே கற்றுக்கொண்டார். வயிற்றுக்குச் சோறும் நியாயமான தலைவனும் கிடைத்தால் சீன உழைப்பாளி எதையும் செய்து முடிப்பான் என்பது ஒன்று. சாலை இல்லாத நாட்டில் எந்த உதவியும் போய்ச் சேராது என்பது மற்றொன்று.

இந்த இரண்டும் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அவருக்கு உதவின.

காடி ஜோ

ஸ்டில்வெல்லுக்கு நாக்கு மிகவும் கூர்மை. மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுவார். மேலதிகாரி என்றும் பார்க்கமாட்டார். ராணுவப் பள்ளியில் அவர் ஆசிரியராக இருந்தபோது, ஒரு மாணவர் அவரைக் கேலிப் படமாக வரைந்தார். காடிப் புட்டியிலிருந்து ஸ்டில்வெல் தலை நீட்டுவது போன்ற படம். காடி என்றால் ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகர். கடும் புளிப்பு!

ஸ்டில்வெல் கோபிக்கவில்லை. படத்தை ரசித்தார். அது முதல் அவருக்குக் காடி ஜோ என்ற பெயர் நிலைத்துவிட்டது.

அதிகாரிகளிடம்தான் அந்தப் புளிப்பு. சாதாரண சிப்பாயிடம் அவர் பிரியமாக இருப்பார். பழைய தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு, மார்பில் பதக்கம் எதுவும் இல்லாமல், சாப்பாட்டு வரிசையில் சிப்பாய்களோடு நிற்பார்.

அறுந்துபோன சாலை

1937-ல் சீனாவின் மீது ஜப்பான் பெரும்படையோடு பாய்ந்தது. சீனாவின் துறைமுகங்களை ஒவ்வொன்றாகப் பிடித்தது. வெளிநாட்டிலிருந்து ஆயுதம் வர வழியில்லை.

ஒரே ஒரு வழி மிஞ்சியது. அது பர்மா. இன்று மியான்மர் என்று சொல்லப்படும் நாடு. ரங்கூனில் கப்பலிலிருந்து சரக்கு இறங்கும். ரயிலில் லாஷியோ என்ற ஊருக்குப் போகும். அங்கிருந்து மலை வழியாகக் குன்மிங் நகருக்குப் போக வேண்டும். அந்த மலைவழியில் 717 மைல் நீளத்துக்குச் சீனர்கள் சாலை போட்டார்கள். சுமார் 2 லட்சம் பேர் கையாலேயே மண் வெட்டினார்கள். ஆண்களோடு பெண்களும் குழந்தைகளும் கல் சுமந்தார்கள். பர்மா ரோடு என்று உலகம் புகழ்ந்த சாலை அதுதான்.

1941 டிசம்பரில் ஜப்பான் அமெரிக்காவையும் தாக்கியது. யுத்தம் ஆசியா முழுவதும் பரவியது. சீனாவை நன்றாக அறிந்த தளபதி யார் என்று அமெரிக்கா தேடியது. ஸ்டில்வெல்லின் பெயர் வந்தது. 1942-ல் அவர் சீனத் தலைவர் சியாங் கே ஷேக்கின் படைத்துறைத் தலைமை அதிகாரியாகப் போனார். அப்பொழுது அவருக்கு வயது 58.

அவர் போய்ச் சேர்ந்த வேளை நல்ல வேளை அல்ல. மார்ச் 8-ந் தேதி ரங்கூன் விழுந்தது. ஏப்ரல் 29-ந் தேதி லாஷியோ விழுந்தது. பர்மா ரோடு அறுந்தது. சீனாவின் கடைசி வாசல் மூடிக்கொண்டது.

நடந்து வந்த தளபதி

பர்மாவில் சண்டையிட்ட படைகள் சிதறி ஓடின. ஸ்டில்வெல்லை ஏற்றிப்போக ஓர் ஆகாய விமானம் வந்தது. அவர் ஏறவில்லை. தம் உதவியாளர்களில் பலரை அதில் அனுப்பிவிட்டார். மிச்சம் இருந்தவர்களோடு தரை வழியாகவே வெளியேறுவது என்று தீர்மானித்தார்.

கொஞ்ச தூரம் மோட்டார் வண்டிகள் ஓடின. பாதை முடிந்த இடத்தில் வண்டிகளை விட்டுவிட்டார்கள். இனி நடை!

அவரோடு 114 பேர் இருந்தார்கள். அமெரிக்கர், ஆங்கிலேயர், சீனர், இந்தியர். பர்மா நாட்டு நர்ஸுப் பெண்களும் இருந்தார்கள். முன்னால் ஸ்டில்வெல் நடந்தார். நிமிடத்துக்கு 105 அடி என்று கணக்கு வைத்து நடந்தார். வாலிபர்கள் வெயிலில் சுருண்டு விழுந்தார்கள். கிழவர் விழவில்லை.

ஓடையில் இடுப்பளவு தண்ணீரில் நடந்தார்கள். மூங்கில் தெப்பத்தில் ஆற்றோடு போனார்கள். தெப்பத்துக்கு இலைக் கூரை வேய்ந்து கொடுத்தவர்கள் அந்த நர்ஸுகள்தான். சிந்துவின் நதியைக் கடந்தார்கள். மலை ஏறினார்கள். மே 20-ந் தேதி மணிப்பூரில் உள்ள இம்பால் நகரை அடைந்தார்கள்.

வழியில் ஒருவர்கூடச் சாகவில்லை!

டில்லிக்கு வந்ததும் பத்திரிகைக்காரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மற்றத் தளபதிகளாக இருந்தால் பூசி மெழுகியிருப்பார்கள். ஸ்டில்வெல் மழுப்பவில்லை. நன்றாக உதை வாங்கினோம், அவமானப்பட்டோம், காரணத்தைக் கண்டுபிடித்துத் திரும்பிப் போய்ப் பிடிக்க வேண்டும் என்று பொருள்பட, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்.

நம்மவர் நடந்த வழி

அதே மாதங்களில் இன்னொரு கூட்டமும் நடந்தது. அந்தக் கூட்டத்துக்குத் தளபதி இல்லை. மருந்து இல்லை. தெப்பம் கட்டிக் கொடுக்க ஆள் இல்லை.

1931-ம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பர்மாவில் சுமார் 10 லட்சம் இந்தியர் இருந்தார்கள். தமிழர்களும் ஏராளமாக இருந்தார்கள். செட்டிமார் கடை வைத்திருந்தார்கள். ஏழைகள் வயலிலும் ஆலையிலும் துறைமுகத்திலும் வேலை செய்தார்கள். குண்டு விழுந்ததும் லட்சக்கணக்கானவர்கள் இந்தியாவை நோக்கி நடந்தார்கள். குழந்தையைத் தோளிலும் மூட்டையைத் தலையிலும் சுமந்து நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் ஆயிரம் ஆயிரமாக மாண்டார்கள். இன்றும் நம் ஊர்களில் பர்மாக்காரர் வீடு என்று சொல்லப்படும் குடும்பங்களில் இந்தக் கதை உண்டு.

அகதிகள் வந்த வழிகளில் மிகக் கொடியது வடக்கே இருந்த ஹூகாங் பள்ளத்தாக்கு வழி. மழைக்காலத்தில் அங்கே சேறு முழங்காலுக்கு மேல் வரும். பட்காய் மலையில் உள்ள பாங்சாவ் கணவாயைத் தாண்டினால்தான் அசாம். தாண்டாமலே விழுந்தவர்கள் பலர்.

பின்னால் அந்த வழியாகத்தான் சாலை போட வேண்டியிருந்தது. வேலைக்குப் போனவர்கள் மரத்தடியிலும் ஓடைக் கரையிலும் எலும்புக்கூடுகளைக் கண்டார்கள். சில இடங்களில் தாயும் பிள்ளையும் சேர்ந்தே கிடந்தார்கள்.

முடியுமா, முடியாதா?

ஸ்டில்வெல் ஒரு திட்டம் சொன்னார். லெடோவிலிருந்து புதிதாக ஒரு சாலை. பாங்சாவ் கணவாய் வழியாகப் பர்மாவுக்குள் இறங்க வேண்டும். ஹூகாங் பள்ளத்தாக்கைக் கடக்க வேண்டும். மிச்சினா நகரைத் தொட்டு, பழைய பர்மா ரோட்டில் போய்ச் சேர வேண்டும். புதிதாகப் போட வேண்டியது சுமார் 465 மைல். அதாவது கிட்டத்தட்ட 750 கிலோ மீட்டர்.

அந்தப் பகுதி முழுவதும் ஜப்பானியர் கையில் இருந்தது! ஆகவே ஒரு கையால் சண்டை போட வேண்டும், மறு கையால் சாலை போட வேண்டும்.

பலர் சிரித்தார்கள். பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலுக்கும் நம்பிக்கை இல்லை. சாலை முடிவதற்குள் அதன் தேவையே முடிந்துவிடும் என்பது அவர் எண்ணம். அப்பொழுது அசாமிலிருந்து விமானங்கள் இமயமலையின் கிழக்குத் தொடரைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோயின. அதுவே போதும் என்றார்கள் பலர். ஆனால் அந்த வழியில் புயலிலும் பனியிலும் நூற்றுக்கணக்கான விமானங்கள் விழுந்து நொறுங்கின.

ஸ்டில்வெல் பிடிவாதமாக நின்றார். ஷான்சி பஞ்சத்தில் அவர் கண்டது நெஞ்சில் இருந்தது. சாலை வேண்டும் என்றார்.

சேறும் புல்டோசரும்

1942 டிசம்பரில் அமெரிக்க ராணுவ எஞ்சினீயர்கள் லெடோவில் வேலையைத் தொடங்கினார்கள். 1943 பிப்ரவரி 28-ந் தேதி பர்மா எல்லையைத் தொட்டார்கள். நல்ல வேகம்தான். அப்புறம் மழை வந்தது.

அந்த மலையில் பெய்யும் மழை சாதாரண மழை அல்ல. ஓர் ஆண்டில் 150 அங்குலம் வரை கொட்டும். நம் சென்னையில் பெய்வதைப் போல் மூன்று பங்கு! மலைச்சரிவு சாலையோடு சேர்ந்து பள்ளத்தில் சரிந்தது. பாலங்கள் அடித்துக்கொண்டு போயின. புல்டோசர் யந்திரங்கள் ஓட்டுகிறவரோடு உருண்டு விழுந்தன. முறைக் காய்ச்சல் பாதிப் பேரைப் படுக்கவைத்தது. அட்டைகள் காலில் ஒட்டி ரத்தம் குடித்தன. மழைக்காலம் முழுவதும் வேலை சில மைல்களே முன்னேறியது.

அக்டோபர் மாதம் லூயிஸ் பிக் என்ற எஞ்சினீயர் தலைமை ஏற்றார். அமெரிக்காவில் மிசௌரி ஆற்று வெள்ளத்தைத் தடுக்கத் திட்டம் வகுத்தவர் அவர். தண்ணீரின் குணம் அவருக்குத் தெரியும். மழையானாலும் சேறானாலும் காய்ச்சலானாலும் வேலை நிற்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். இரவிலும் விளக்கு வெளிச்சத்தில் யந்திரங்கள் ஓடின.

மலையில் சாலை போடுவது எப்படி? முதலில் ஆட்கள் காட்டை வெட்டி வழி பார்த்துக் குறி நடுவார்கள். பின்னால் புல்டோசர் வந்து மலையின் விலாவில் ஒரு படி போல வெட்டும். மலைப்பக்கம் சாக்கடை தோண்டுவார்கள். மேலேயிருந்து வரும் தண்ணீர் அந்தச் சாக்கடையில் விழும். ஆங்காங்கே சாலைக்கு அடியில் குழாய் பதித்து மதகு கட்டுவார்கள். தண்ணீர் மதகு வழியாகப் பள்ளத்துக்குப் போய்விடும். கடைசியில் ஆற்றுக் கல்லும் சரளையும் கொட்டி யந்திரத்தால் அமுக்குவார்கள்.

இதில் மதகுதான் உயிர். சாலையின் முதல் எதிரி லாரி அல்ல, தண்ணீர்தான்! ஒரு மதகு அடைத்துக்கொண்டால் போதும். தண்ணீர் சாலை மீது ஏறும். ஒரே இரவில் சாலையைத் தின்றுவிடும். ஆகவே புதுச் சாலை போட ஒரு கூட்டம் முன்னால் போனால், போட்ட சாலையைக் காக்க இன்னொரு கூட்டம் பின்னாலேயே இருந்தது. சரிந்த மண்ணை அள்ளுவதும், பள்ளத்தை நிரப்புவதும், மதகைத் துப்புரவு செய்வதும் அவர்கள் வேலை. இந்த மராமத்து ஒரு நாளும் ஓயவில்லை.

பெரிய ஆறுகள் மட்டும் பத்து. சிறிய ஆறும் ஓடையும் 155. எல்லாவற்றுக்கும் பாலம் கட்டினார்கள். சாலையை ஒட்டிப் பெட்ரோல் போகும் குழாயும் பதித்தார்கள்.

1943 டிசம்பர் 27-ந் தேதி முதல் புல்டோசர் ஹூகாங் பள்ளத்தாக்கில் உள்ள ஷிங்புவியாங் கிராமத்துக்குள் நுழைந்தது. அதற்கு ஒரு கெடு வைத்திருந்தார்கள். சில நாட்கள் முன்னதாகவே முடித்துவிட்டார்கள்!

பெயர் தெரியாத கைகள்

சாலை வேலையில் சுமார் 15,000 அமெரிக்கச் சிப்பாய்கள் இருந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு அறுபது பேர் கறுப்பர்கள்.

அந்தக் காலத்து அமெரிக்க ராணுவத்தில் கறுப்பருக்குத் தனிப் படை, தனி முகாம். துப்பாக்கி ஏந்திச் சண்டை போடப் பெரும்பாலும் அனுமதி இல்லை. மண் வெட்டுவதும் லாரி ஓட்டுவதும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட வேலை. இந்த வேறுபாட்டை ஒழிக்க உத்தரவு பிறந்தது 1948-ல்தான். ஆனால் பட்காய் மலையை வெட்டியவர்களில் பெரும்பாலோர் அவர்களே. புல்டோசரின் முன் இருக்கையில் அமர்ந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மலையைக் குடைந்தார்கள்.

அவர்களோடு சுமார் 35,000 உள்ளூர் ஆட்கள். அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர், நாகர், கச்சின் மலைவாசிகள் எல்லாரும் அதில் இருந்தார்கள். சீனப் படையின் எஞ்சினீயர்களும் தோள் கொடுத்தார்கள்.

அமெரிக்கர் மட்டும் சுமார் 1,100 பேர் இறந்தார்கள். மைலுக்கு ஓர் உயிர் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களிலும் ஏராளமானவர்கள் மாண்டார்கள். இந்திய எல்லைக்கு உள்ளே ஜெயராம்பூர் அருகே புதர் மூடிக் கிடந்த ஒரு பழைய இடுகாடு 1997-ல் வெளிப்பட்டது. சாலைக்காக உயிர் விட்டவர்கள் பலர் அங்கே உறங்குகிறார்கள்.

வெற்றியும் குறையும்

சாலைக்கு முன்னால் சண்டை நடந்தது. பீகார் மாகாணத்தில் இருந்த ராம்கரில் ஆயிரக்கணக்கான சீனச் சிப்பாய்களுக்கு ஸ்டில்வெல் பயிற்சி கொடுத்திருந்தார். பட்டினியால் மெலிந்து வந்தவர்களுக்கு முதலில் வயிறாரச் சோறு போட்டார். ஒழுங்காகச் சம்பளம் கிடைக்கச் செய்தார். பிறகு துப்பாக்கி கொடுத்தார். ஜப்பானியரைக் கண்டு ஓடியவர்கள் இப்பொழுது ஜப்பானியரை ஓட்டினார்கள்.

ஸ்டில்வெல்லும் காட்டிலேயே கிடந்தார். 61 வயதில் மழையிலும் சேற்றிலும் முன்னணிக்கு நடந்து போவார். ராணுவத் தலைமைக் காரியாலயத்தில் இருக்க வேண்டியவர் காட்டில் ஏன் சுற்றுகிறார் என்று சிலர் குறை கூறினார்கள்.

1944 மே 17-ந் தேதி மிச்சினா விமான நிலையம் பிடிபட்டது. ஆனால் நகரைப் பிடிக்க ஆகஸ்டு 3-ந் தேதி வரை ஆயிற்று. இங்கே ஸ்டில்வெல் மீது ஒரு பெரும் பழி உண்டு. காட்டுக்குள் பல நூறு மைல் நடந்து போர் புரிந்த ஒரு அமெரிக்கப் படை அங்கே இருந்தது. அதில் சுமார் 3,000 பேர். அவர்கள் நோயாலும் களைப்பாலும் நொந்து கிடந்தார்கள். ஓய்வு தருவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் தரவில்லை. காய்ச்சலில் கிடந்தவர்களையும் போர்முனைக்கு அனுப்பினார்கள். சிப்பாயின் நண்பர் என்று பெயரெடுத்தவர், அந்தச் சிப்பாய்களின் வெறுப்பைச் சம்பாதித்துக்கொண்டார். தம்மால் முடிந்தது எல்லாருக்கும் முடியும் என்று நினைத்தது அவருடைய பெரிய குறை.

நாக்கு செய்த வினை

இன்னொரு குறை அந்த நாக்கு. சியாங் கே ஷேக்கும் அவரும் ஒத்துப்போகவில்லை. ஆயுதத்தைச் சியாங் தம் உள்நாட்டுப் பகைவர்களுக்காகச் சேர்த்து வைக்கிறார், ஜப்பானியரோடு சண்டையிடவில்லை என்று ஸ்டில்வெல் குற்றம் சாட்டினார். சியாங்குக்கு ஒரு கேலிப் பெயரும் வைத்திருந்தார்.

1944-ல் சீனப் படை முழுவதையும் ஸ்டில்வெல்லிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கடுமையாக ஒரு செய்தி அனுப்பினார். அதைப் பக்குவமாகச் சொல்ல வேறு ஆள் இருந்தார்கள். ஸ்டில்வெல் தாமே கொண்டுபோய் நேரில் கொடுத்தார். சியாங்குக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. இந்த மனிதரை அனுப்பிவிட வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டார்.

ரூஸ்வெல்ட் பணிந்தார். அக்டோபரில் ஸ்டில்வெல் திருப்பி அழைக்கப்பட்டார். சாலை முடிய மூன்றே மாதம் இருந்தது!

வண்டிகள் சீன எல்லையைத் தாண்டியபோது, சாலைக்கு ஸ்டில்வெல் பெயரைச் சூட்டியவர் யார் தெரியுமா? அவரை வெளியேற்றிய அதே சியாங் கே ஷேக்தான்!

கடைசி ஆசை

அதன் பின் ஒகினாவா தீவில் இருந்த அமெரிக்கப் படைக்கு ஸ்டில்வெல் தலைமை தாங்கினார். 1945 செப்டம்பர் 7-ந் தேதி ரியூக்யூ தீவுகளில் இருந்த ஜப்பானியப் படை அவரிடம் சரணடைந்தது.

அடுத்த ஆண்டு உடம்பு தளர்ந்தது. வயிற்றில் புற்றுநோய். நான்கு நட்சத்திரம் பெற்ற பெரிய ஜெனரல் அவர். ஆனால் அவர் ஆசைப்பட்டது ஒரு சிறிய சின்னம். போர்முனையில் நின்ற சாதாரணக் காலாட்படைச் சிப்பாய்க்குக் கொடுக்கும் சின்னம் அது. சாவதற்குச் சற்று முன்பு அது அவருக்குக் கிடைத்தது.

1946 அக்டோபர் 12-ந் தேதி சான்பிரான்சிஸ்கோ நகரில் காலமானார். வயது 63. அஸ்தியைப் பசிபிக் கடலில் தூவினார்கள். அவருக்குக் கல்லறை இல்லை.

சாலை என்ன ஆயிற்று?

சர்ச்சில் எண்ணியது பாதி பலித்தது. 1945 ஜூலை மாதத்தில் விமானங்கள் சீனாவுக்குக் கொண்டுபோன சரக்கு 71,000 டன். சாலை வழியாகப் போனது 6,000 டன்தான். ஆகஸ்டில் யுத்தம் முடிந்தது. சுமார் 15 கோடி டாலர் செலவழித்துப் போட்ட சாலையை அந்த ஆண்டின் கடைசியிலேயே அமெரிக்கர் கைவிட்டார்கள்.

மராமத்து நின்றது. அதுதான் சாலையின் சாவு! இலையும் மண்ணும் மதகை அடைத்தன. மழை சாலை மீது ஏறியது. மரப்பாலங்கள் உளுத்தன. சரிந்த மண்ணை அள்ள ஆள் இல்லை. ஆயிரம் உயிரைக் கொடுத்து வாங்கிய வழியில் பல இடங்களைக் காடு திரும்ப எடுத்துக்கொண்டது.

லெடோவிலிருந்து குன்மிங் வரை மொத்தம் 1,700 கிலோ மீட்டருக்கு மேல். அதில் இந்தியாவுக்குள் இருப்பது 61 கிலோ மீட்டர். அந்தப் பகுதியில் இன்றும் வண்டி ஓடுகிறது. பாங்சாவ் கணவாய்க்குப் பார்வையாளர்கள் போகிறார்கள். எல்லைக்கு அப்பால் காட்டு மலையில் பல இடங்களில் பழைய சாலையின் சுவடுதான் மிஞ்சியது.

இந்தப் பாடத்தை நம் நாடு மறக்கவில்லை. 1960 மே 7-ந் தேதி எல்லைப்புறச் சாலை அமைப்பு தொடங்கப்பட்டது. லடாக்கிலும் அருணாசலப் பிரதேசத்திலும் பனிமலையைக் குடைந்து அது சாலை போடுகிறது. போடுவதோடு நிற்பதில்லை. பனி விழுந்தால் பனியை அள்ளுகிறது. மண் சரிந்தால் மண்ணை அள்ளுகிறது. எல்லைக் கிராமத்துக்கு அரிசி போவதும், பிரசவ வேதனையில் துடிக்கும் பெண் ஆஸ்பத்திரிக்கு வருவதும், சிப்பாய்க்கு வீட்டுக் கடிதம் போய்ச் சேருவதும் அந்தச் சாலையில்தான்.

சாலையைப் போட்டவருக்குப் பெயர் கிடைக்கிறது. மழை நாளில் மண்வெட்டியோடு போய் மதகைத் திறந்துவிடுகிறவருக்குப் பெயர் கிடைப்பதில்லை. ஆனால் அவர் வராத நாளில் சாலை இல்லை.

அடுத்த மழையில் உங்கள் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால், காடி ஜோவின் சாலையை நினைத்துக்கொள்ளுங்கள்!